உடம்பு தன்னைத்தானே எப்படி சமாளிச்சுக்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சல், தலைசுத்தல், தாகம், படபடப்பு, கால் வீக்கம்னு நாம வியாதி லிஸ்ட்ல போட்டு வச்சிருக்கிற பல விஷயம், உள்ள உடம்பு எதையோ சரி பண்ணப் பாக்குறப்போ வெளியில தெரியுற அடையாளம்தான். இது புரிஞ்சா பாதி பயம் போயிடும், எங்க உண்மையாவே பயப்படணும்ங்கிறதும் தெளிவா தெரியும். அதுக்காகத்தான் இந்த கேள்வி பதில்.

உடம்பை கன்ட்ரோல் பண்றது மூளைதானே?

பெரும்பங்கு மூளைக்கு உண்டு, ஆனா எல்லாத்தையும் மூளைகிட்ட கேட்டுதான் உடம்பு செய்யுதுன்னு நினைச்சா தப்பு. இதயத்தையே எடுத்துக்கோங்க, அதுக்குள்ள மேல் வலது அறையில ஒரு சின்ன செல் கூட்டம் இருக்கு, அதுவே துடிப்பை கிளப்பும், யாரும் சொல்ல வேண்டாம். அதை தனியா விட்டா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 100 தடவை துடிக்கும். நமக்கு சும்மா உக்காந்திருக்கும்போது 70 சொச்சம் இருக்குன்னா காரணம், மூளையில இருந்து வர்ற வேகஸ் நரம்பு ராத்திரி பகலா அந்த வேகத்தை அடக்கி வச்சிருக்கு. இதய மாற்று ஆபரேஷன் செஞ்சவங்களுக்கு இந்த நரம்பெல்லாம் அறுபட்டிருக்கும், அதனால அவங்களுக்கு ஓய்வா இருக்கும்போதே 90லிருந்து 110 வரை துடிக்கும், அவங்க மாடி ஏறினா இதயம் உடனே வேகம் பிடிக்காது, ரத்தத்துல அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் மெதுவா ஏறும், நடையை நிறுத்தினாலும் மெதுவாத்தான் இறங்கும். நரம்பு இல்லாமலும் இதயம் ஓடும், நரம்பு இருந்தாதான் சட்டுனு சூழ்நிலைக்கு தகுந்த மாதிரி ஓடும்.

அதே மாதிரி கணையம் தன்னை கடந்து போற ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு தானே அளந்து இன்சுலினை விடுது. கழுத்துல தைராய்டுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கிற நாலு குட்டி பாராதைராய்டு சுரப்பிகள் ரத்தத்துல கால்சியம் எவ்வளவுன்னு தானே பாக்குது. அளக்குற வேலை உடம்பு முழுக்க பரவி இருக்கு, ஒரே இடத்துல உக்காந்து யாரும் எல்லாத்தையும் பாக்கல.

சமநிலைன்னா எல்லாம் ஒரே அளவுல நிக்கணுமா?

இல்லை, நிக்கவே நிக்காது. ஒரு எல்லைக்குள்ள மேலயும் கீழயும் போயிட்டே இருக்கும். 37 டிகிரி செல்சியஸ்னு நாம சொல்ற உடம்பு வெப்பம் விடியக்காலையில குறைஞ்சு சாயங்காலம் ஏறும், இந்த வித்தியாசம் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரைக்கும் இருக்கலாம், அதனால சாயங்காலம் 37.4 காட்டுச்சுன்னு பதற வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டுல கிளாட் பெர்னார்ட்னு ஒரு பிரெஞ்சு உடலியல் அறிஞர் இருந்தார். வெளிய என்ன நடந்தாலும் செல்களை சுத்தி இருக்கிற உள் திரவம் மாறாம இருக்கிறதாலதான் நம்மளால சுதந்திரமா வாழ முடியுதுன்னு சொன்னவர் அவர்தான். அதுக்கு ஹோமியோஸ்டாசிஸ்னு 1926ல பேர் வச்சவர் அமெரிக்கர் வால்டர் கேனன். ஆபத்து வந்தா சண்டை போடு இல்லைன்னா ஓடுங்கிற அட்ரினலின் கதையும் இவர் ஆராய்ச்சியில வந்ததுதான். மெக்கானிசம் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரிதான்: அளக்கணும், இருக்க வேண்டிய அளவோட ஒப்பிடணும், வித்தியாசம் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம் தள்ளணும். இதை எதிர்மறை பின்னூட்டம்னு பாடப்புத்தகத்துல சொல்வாங்க.

காய்ச்சல்ல உடம்பு கொதிக்குது, ஆனா ஏன் குளிருது?

இந்த ஒரு கேள்விய நல்லா புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மூளையோட அடிப்பகுதியில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம் இருக்கு, ஒரு பாதாம் அளவுதான். உடம்போட வெப்பம் எவ்வளவு இருக்கணும்ங்கிற செட்டிங் அங்கதான். ஏசியில நாம டெம்பரேச்சர் செட் பண்ற மாதிரின்னு வச்சுக்கோங்க. கிருமி உள்ள வந்ததும் நோய் எதிர்ப்பு செல்கள் சில சிக்னல் புரதங்களை விடும், அது ஹைப்போதலாமஸ் பக்கம் போய் ப்ரோஸ்டாகிளாண்டின் ஈ2ங்கிற பொருளை உண்டாக்கும், அந்தப் பொருள் செட்டிங்கை 37லிருந்து 39க்கு ஏத்திடும். இப்போ உங்க உடம்பு 37லதான் இருக்கு, ஆனா மூளை கணக்குப்படி 2 டிகிரி குறைவு. அதனால தோல்ல இருக்கிற ரத்தக்குழாய் சுருங்கும், கை கால் ஜில்லுனு ஆகும், தசை எல்லாம் தன்னால நடுங்கி சூட்டை உண்டாக்கும், போர்வையை இழுத்து போர்த்திக்கணும்னு தோணும். நெத்தியில கை வச்சு பாக்குறவங்களுக்கு சுடுது, படுத்திருக்கிறவருக்கு குளிருது, ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

39ஐ தொட்டதும் நடுக்கம் நின்னுடும். கிருமியோட வேலை முடிஞ்சாலோ பாராசிட்டமால் போட்டாலோ ப்ரோஸ்டாகிளாண்டின் குறையும், செட்டிங் பழையபடி 37க்கு இறங்கும், இப்போ உடம்பு 2 டிகிரி கூடுதலா இருக்குன்னு மூளைக்கு தெரியும், உடனே தோல் சிவந்து வேர்த்து கொட்டும். வேர்த்து விட்டுடுச்சு, காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு சொல்றோமே, அது சரியான கவனிப்புதான்.

குளிர் நடுக்கத்துல இருக்கிறவர் மேல ஐஸ் தண்ணிய ஊத்தாதீங்கன்னு ஏன் சொல்றாங்கன்னு இப்போ புரியும், செட்டிங் மேலயே இருக்கும்போது தோலை குளிர வச்சா உடம்பு இன்னும் அதிகமா நடுங்கி இன்னும் சூடு உண்டாக்கும், நோயாளிக்கு வேதனைதான் மிச்சம்.

அப்போ வெயில் தாக்கத்துக்கும் பாராசிட்டமால் போடலாமா?

போடக்கூடாது, இது உயிர் பிரச்சனை. ஹீட் ஸ்ட்ரோக்ல செட்டிங் ஏறலை, அது 37லயேதான் இருக்கு, வெளிய இருந்து வர்ற சூட்டையும் உள்ள உருவாகுற சூட்டையும் வெளியேத்த முடியாம உடம்பு தோத்துப் போயிருக்கு. அதனால செட்டிங்கை இறக்குற மாத்திரைக்கு அங்க வேலையே இல்லை, ஏற்கனவே அடிவாங்கியிருக்கிற கல்லீரலுக்கு கூடுதல் சுமைதான். உடம்பு வெப்பம் 40 டிகிரிக்கு மேல போய் ஆள் குழம்பிப் பேசினாலோ மயங்கினாலோ, ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு அது வர்ற வரைக்கும் துணிய தளர்த்தி, தண்ணியால நனைச்சு, விசிறிக்கிட்டே இருக்கணும், முடிஞ்சா கழுத்து வரைக்கும் குளிர்ந்த தண்ணியில இறக்கணும், தலை தண்ணிக்குள்ள போகாம ஒருத்தர் பிடிச்சுக்கணும். இங்க தண்ணிதான் மருந்து.

வேர்வை பத்தி இன்னொன்னு. வேர்வை வழிஞ்சு கீழ சொட்டினா உடம்பு குளிராது, தோல் மேலயே ஆவியானாதான் குளிரும். ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோகலோரி சூடு வெளிய போகும், அது ரொம்ப பெரிய அளவு. காத்துல ஈரப்பதம் அதிகமா இருக்கிற நாள்ல வேர்வை ஆவியாகாது, அதனாலதான் வறண்ட வெயிலை விட புழுக்கம் ஆபத்து.

ஒருநாள் முழுக்க சாப்பிடலைன்னாலும் ரத்தத்துல சர்க்கரை ஏன் தீர்ந்து போறதில்லை?

நல்ல கேள்வி, ஏன்னா கணக்கு போட்டா தீர்ந்திருக்கணும். சாதாரணமா வெறும் வயித்துல ரத்த சர்க்கரை டெசிலிட்டருக்கு 70லிருந்து 100 மில்லிகிராம், உடம்புல ரத்தம் சுமார் 5 லிட்டர், அப்போ மொத்த ரத்தத்துலயும் ஓடுற குளுக்கோஸ் 5 கிராம்கிட்ட, ஒரு டீஸ்பூன் அளவு, அவ்வளவுதான். உடம்பு எடையில 2 சதவீதமே இருக்கிற மூளை உடம்போட சக்தியில 20 சதவீதத்தை எடுத்துக்குது, ஒரு நாளைக்கு 100லிருந்து 120 கிராம் குளுக்கோஸ் அதுக்கு வேணும். அதாவது ரத்தத்துல இருக்கிற மொத்தத்தையும் மூளை மட்டுமே ஒரு மணி நேரத்துல காலி பண்ணிடும்.

ஆனா அப்படி நடக்கலையே, ஏன்னா கல்லீரல் வெளிய விட்டுக்கிட்டே இருக்கு. சாப்பிட்டதும் கணையத்துல பீட்டா செல்கள் இன்சுலினை விடும், அது தசையையும் கொழுப்பையும் குளுக்கோஸை உள்ள இழுத்துக்க சொல்லும், கல்லீரலை கிளைக்கோஜனா சேத்து வைக்க சொல்லும், கல்லீரல்ல சுமார் 100 கிராம் அப்படி நிக்கும். சாப்பிட்டு நேரம் ஆனதும் பக்கத்துலயே இருக்கிற ஆல்ஃபா செல்கள் குளுக்ககானை விடும், கல்லீரல் சேத்ததை திரும்ப கொடுக்கும். ஒரு நாள் போல ஆனா கிளைக்கோஜன் தீரும், அதுக்கப்புறம் புரதத்தோட அமினோ அமிலத்துல இருந்தும் கொழுப்போட கிளிசரால்ல இருந்தும் கல்லீரலே புதுசா குளுக்கோஸ் தயாரிக்கும், பட்டினி நீண்டா கொழுப்பை கீட்டோனா மாத்தி மூளைக்கு கொடுக்கும்.

சுகர் இருக்கிறவங்க அடிக்கடி கேப்பாங்க, ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலை, காலையில டெஸ்ட்ல மட்டும் ஏன் ஏறியிருக்குன்னு. சாப்பாடு காரணம் இல்லை. விடியக்காலையில கார்ட்டிசால், குரோத் ஹார்மோன் எல்லாம் ஏறி நாளுக்கு தயாராகச் சொல்லி கல்லீரலை கிளப்பும், இது எல்லாருக்கும் நடக்குறதுதான், மத்தவங்களுக்கு இன்சுலின் கொஞ்சம் கூடி அதை அமுக்கிடும், சுகர் இருக்கிறவங்களுக்கு அமுக்க ஆள் இல்லை. ராத்திரி சாப்பாட்டை சுத்தமா விட்டா சரியாயிடும்னு சிலர் பட்டினி கிடக்குறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், இன்சுலினோ சில மாத்திரையோ எடுக்கிறவங்களுக்கு அது ஆபத்து, டாக்டர்கிட்ட மருந்து நேரத்தை பத்தி பேசுங்க.

இந்த இன்சுலினை டொரன்டோவுல 1921ல பிரிச்செடுத்து, 1922 ஜனவரியில முதல் தடவையா 14 வயசு பையன் ஒருத்தனுக்கு போட்டாங்க. அதுக்கு முன்னாடி முதல் வகை சர்க்கரை நோய் வந்த குழந்தைங்களை பட்டினி போட்டு கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான் முடிஞ்சது. உடம்பு செய்ய வேண்டிய ஒரே ஒரு திருத்தம் நின்னு போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட பெரிய சாட்சி எனக்கு தெரியலை.

சுகர் இறங்கினா ஏன் கை நடுங்குது, வேர்க்குது?

அந்த நடுக்கம் சர்க்கரை குறைவால நேரடியா வர்றது இல்லை, சர்க்கரையை ஏத்த உடம்பு விட்ட அட்ரினலினோட விளைவு. வேர்வை, படபடப்பு, பசி, கை நடுக்கம் எல்லாம் அலாரம், இந்த அலாரத்தை மதிச்சு உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணணும். இன்னும் இறங்கி மூளைக்கே பத்தாம போனாதான் குழப்பம், தடுமாற்றம், மயக்கம் வரும், மயங்கினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க. பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை எடுக்கிறவங்களுக்கு படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம், வேர்வை மட்டும் தெரியும், இதை வீட்ல இருக்கிறவங்களும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

மூச்சை அடக்கினா ஒரு கட்டத்துல முடியலைன்னு விடுறோமே, ஆக்சிஜன் தீர்ந்ததாலயா?

இல்லை. அந்த தவிப்பை உண்டாக்குறது சேர்ந்து போன கார்பன் டை ஆக்சைடு. அது மூளையை சுத்தி இருக்கிற திரவத்துல கரைஞ்சு அமிலத்தன்மையை ஏத்தும், மூளை தண்டுவடத்தோட சேர்ற இடமான முகுளத்துல இருக்கிற உணர்விகள் அதை கண்டுபிடிச்சு மூச்சு விடுன்னு கட்டளை போடும். ஆக்சிஜனை பாக்குற உணர்விகள் கழுத்து ரத்தக்குழாய் பிரியுற இடத்துல இருக்கு, கரோட்டிட் பாடின்னு பேரு, இது சம்பந்தமான கண்டுபிடிப்புக்கு கார்னெய் ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் வாங்கினார், ஆனா ஆக்சிஜன் நல்லா இறங்கின பிறகுதான் அது பலமா சத்தம் போடும்.

இதுல ஒரு கொடுமையான ஆபத்து இருக்கு. நீச்சல் அடிக்கிற பசங்க தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்கணும்னு முன்னாடியே வேக வேகமா மூச்சு வாங்கிட்டு முங்குவாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் ஏற்கனவே நிறைஞ்சுதான் இருக்கு, அதனால அது கூடுறது சொற்பம், ஆனா கார்பன் டை ஆக்சைடு நல்லா இறங்கிடும். தண்ணிக்குள்ள ஆக்சிஜன் குறைஞ்சுக்கிட்டே போகும், தவிப்பு மட்டும் வராது, எந்த எச்சரிக்கையும் இல்லாம நினைவு தப்பிடும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே இப்படி போயிருக்காங்க, உங்க வீட்டு பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

பதட்டத்துல மூச்சு வாங்கும்போது விரல் நுனி மரத்து தலை லேசா சுத்துறதும் இதே கணக்குதான், கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளிய போனதால ரத்தம் அமிலத்துக்கு எதிரான காரப்பக்கம் சாயுது, மூளை ரத்தக்குழாய் சுருங்குது. மூச்சை மெதுவா விட்டா கொஞ்ச நேரத்துல சரியாகும்.

திடீர்னு எழுந்தா கண்ணு இருட்டுதே?

படுத்திருந்து எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் கால் பக்கமும் வயித்துப் பக்கமும் இறங்கிடும், இதயத்துக்கு திரும்ப வர்ற ரத்தம் குறையும், பிபி இறங்கும். கழுத்து ரத்தக்குழாய் சுவத்துலயும் இதயத்துல இருந்து கிளம்புற பெருந்தமனி வளைவுலயும் இழுவிசையை அளக்குற நரம்பு நுனிகள் இருக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் முகுளத்துக்கு சேதி அனுப்பும். சேதி குறைஞ்சதும் ஓரிரு செகண்டுக்குள்ள இதயம் வேகம் எடுக்கும், கால் ரத்தக்குழாய் இறுகும். பெரும்பாலும் நமக்கு எதுவுமே தெரியாம இது முடிஞ்சிடும், தண்ணி கம்மியா குடிச்ச நாள்லயோ காய்ச்சல்ல படுத்து எழுந்தாலோ கொஞ்சம் லேட்டாகும், அந்த இடைவெளிதான் இருட்டு.

எழுந்து 3 நிமிஷத்துக்குள்ள மேல் பிபி 20 அல்லது கீழ் பிபி 10 குறைஞ்சா அதை மருத்துவத்துல தனியா கவனிப்பாங்க. வயசானவங்க, பிபி மாத்திரை எடுக்கிறவங்க, ரொம்ப வருஷமா சுகர் இருக்கிறவங்க கட்டில் ஓரத்துல உக்காந்து காலை கொஞ்சம் ஆட்டிட்டு அப்புறம் எழுந்திருக்கிறது நல்லது, ராத்திரி பாத்ரூம் போக எழும்போது விழுந்து இடுப்பு உடையுறதுல இந்த காரணம் நிறைய இருக்கு.

நரம்பு, ஹார்மோன்னு ரெண்டு சிஸ்டம் எதுக்கு?

வேகம் வேற, பரவுற விதம் வேற. வேகமான நரம்பு செகண்டுக்கு 120 மீட்டர் வரைக்கும் சேதி கொண்டு போகும், குறிப்பிட்ட தசைக்கு மட்டும் போகும், வேலை முடிஞ்சதும் நின்னுடும். ஹார்மோன் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்க போகும், அதை பிடிச்சுக்கிற ஏற்பிங்கிற புரதம் எந்த செல்லுல இருக்கோ அது மட்டும் கேக்கும், அதோட வேலை நிமிஷக்கணக்குல இருந்து மாசக்கணக்கு வரை நீளும்.

1902 வரைக்கும் எல்லாமே நரம்பு வழியாத்தான்னு நினைச்சிட்டிருந்தாங்க. லண்டன்ல பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர் ஒரு நாயோட சிறுகுடல் பகுதிக்கு போற நரம்பையெல்லாம் வெட்டிட்டு அங்க அமிலத்தை விட்டாங்க, அப்பவும் கணையம் சுரந்துச்சு. நரம்பே இல்லாம சேதி எப்படி போச்சு? ரத்தம் வழியா. அதுதான் செக்ரெட்டின், முதல்ல அடையாளம் கண்ட ஹார்மோன். 1921ல ஓட்டோ லோவி தலைகீழா இன்னொன்னை காட்டினார், ஒரு தவளை இதயத்தோட வேகஸ் நரம்பை தூண்டி துடிப்பை குறைச்சார், அந்த இதயத்தை சுத்தி இருந்த திரவத்தை எடுத்து ரெண்டாவது தவளை இதயத்துல விட்டார், யாரும் நரம்பை தொடாமலே அதுவும் மெதுவா துடிச்சது. அப்போ நரம்பும் கடைசியில ஒரு கெமிக்கலை விட்டுத்தான் பேசுது. எனக்கு உடலியல்ல ரொம்ப பிடிச்ச சோதனை இதுதான், இவ்வளவு எளிமையான சாமான்ல இவ்வளவு பெரிய விடை.

சூடான பாத்திரத்துல கை பட்டா யோசிக்காமலே இழுத்துக்கிறோமே?

அந்த முடிவு தண்டுவடத்துலயே எடுத்தாச்சு, மூளைக்கு தகவல் பின்னாடிதான் போகுது. கவனிச்சு பாருங்க, சூடு பட்டா முதல்ல சுள்ளுனு ஒரு வலி, ஒரு கணம் கழிச்சு எரியுற மாதிரி ரெண்டாவது வலி, ரெண்டும் வேற வேற நரம்பு இழை, ரெண்டாவது இழையோட வேகம் செகண்டுக்கு சுமார் ஒரு மீட்டர்தான், அதனால கால்ல அடிபட்டா இந்த இடைவெளி இன்னும் தெளிவா தெரியும். இன்னொரு அழகு, ஆணியை மிதிச்சா மிதிச்ச காலை மட்டும் தூக்கினா விழுந்துடுவோம், அதனால தண்டுவடம் அதே நேரத்துல மத்த காலை விறைப்பாக்கி உடம்பு எடையை தாங்க வைக்குது.

இதுல ஏதாவது ஒண்ணை நானே இப்போ செஞ்சு பார்க்க முடியுமா?

முடியும். இந்த வரியை படிச்சுக்கிட்டே தலையை இடம் வலமா வேகமா ஆட்டுங்க, எழுத்து தெளிவாத்தான் தெரியும். இப்போ தலையை அசைக்காம போனை அதே வேகத்துல ஆட்டுங்க, படிக்க முடியாது. முதல் தடவை உள்காதுல இருக்கிற அரைவட்ட குழாய்கள் தலை எவ்வளவு திரும்புதுன்னு அளந்து, கண்ணை சரியா அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்புது, இதுக்கு ஆகுற நேரம் சுமார் 10 மில்லிசெகண்ட். ரெண்டாவது தடவை அந்த உதவி இல்லை, கண்ணால பாத்து மூளை கணிச்சுதான் துரத்தணும், அது நேரம் எடுக்கும். நடக்கும்போது உலகம் குலுங்காம இருக்கிறதுக்கு இதுதான் காரணம்.

டி.எஸ்.எச். அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு, தைராய்டு அதிகமா சுரக்குதா?

பெரும்பாலும் நேர் எதிர். டி.எஸ்.எச். தைராய்டுல இருந்து வர்றது இல்லை, மூளைக்கு கீழ இருக்கிற பிட்யூட்டரி விடுறது. ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் பத்தலைன்னா பிட்யூட்டரி இன்னும் சுரன்னு சத்தம் போடும், அந்த சத்தம்தான் டி.எஸ்.எச். கோளாறு பிட்யூட்டரியிலயே இருந்தா இந்த கணக்கு பொருந்தாது, அது அபூர்வம், அப்போ தைராய்டு சுரக்குற டி4ங்கிற ஹார்மோன் அளவையும் சேத்துதான் டாக்டர் பாப்பாங்க. மாத்திரை அளவு மாத்தினா 6லிருந்து 8 வாரம் கழிச்சு டெஸ்ட் எடுக்க சொல்றதுக்கும் காரணம் உண்டு, டி4 பாதியா குறையவே சுமார் 7 நாள் ஆகும், பிட்யூட்டரி புது அளவுக்கு செட் ஆக இன்னும் நாள் ஆகும், அடுத்த வாரமே டெஸ்ட் எடுத்தா காசுதான் போகும்.

ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் திடீர்னு நிறுத்தக்கூடாது?

வெளிய இருந்து கார்ட்டிசால் மாதிரி ஒண்ணு வாரக்கணக்கா வந்துக்கிட்டே இருந்தா, நம்ம வேலைக்கு தேவை இல்லைன்னு அட்ரினல் சுரப்பி சுரக்குறதை குறைச்சிடும். சட்டுனு மாத்திரையை விட்டா உள்ளயும் இல்லை, வெளியயும் இல்லை, வாந்தி, கடுமையான சோர்வு, பிபி விழுறதுன்னு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைக்கணும்.

தண்ணி எவ்வளவு குடிக்கணும்?

பெரும்பாலான ஆரோக்கியமான ஆளுக்கு தாகத்தை கேட்டா போதும், அந்த உணர்வு அவ்வளவு துல்லியம். ரத்தத்துல உப்பு அடர்த்தி 1லிருந்து 2 சதவீதம் ஏறினாலே ஹைப்போதலாமஸ் கண்டுபிடிச்சிடும், தாகத்தை கிளப்பும், ஏ.டி.எச்.ங்கிற ஹார்மோனை விட்டு கிட்னியை தண்ணிய பிடிச்சு வைக்க சொல்லும், சிறுநீர் மஞ்சளா கொஞ்சமா வரும். கிட்னி ஒரு நாளைக்கு வடிகட்டுறது சுமார் 180 லிட்டர், அதுல ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளிய போகுது, மீதி எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே.

தண்ணி குடிச்ச உடனே தாகம் அடங்குதே, கவனிச்சிருக்கீங்களா? குடிச்ச தண்ணி ரத்தத்துல முழுசா சேர இன்னும் நேரம் ஆகும். வாயும் தொண்டையும் வயிறும் இவ்வளவு உள்ள வந்திருக்குன்னு முன்கூட்டியே சொல்லிடும், மூளை அந்த கணிப்பை நம்பி தாகத்தை நிறுத்தும், இல்லைன்னா நாம அளவு தெரியாம குடிச்சுக்கிட்டே இருப்போம். உடம்பு நடந்ததை மட்டும் திருத்தல, நடக்கப் போறதையும் கணிச்சு வேலை செய்யுது.

வயசானவங்களுக்கு தாகம் மங்கிடும், அவங்க நேரம் பாத்து குடிக்கணும். கிட்னி, இதய நோய் இருக்கிறவங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான். மாரத்தான் மாதிரி நீண்ட ஓட்டத்துல தாகத்தை மீறி லிட்டர் லிட்டரா வெறும் தண்ணி குடிச்சு, சோடியம் இறங்கி, மூளை வீங்கி இறந்தவங்களும் உண்டு.

எல்லா நேரமும் உடம்பு எதிர்ப்பக்கம்தான் தள்ளுமா?

இல்லை, ரெண்டு மூணு இடத்துல வேணும்னே அதே பக்கம் தள்ளும். பிரசவத்துல குழந்தை தலை கருப்பை வாயை அழுத்தும், ஆக்சிடோசின் வரும், கருப்பை சுருங்கும், தலை இன்னும் அழுத்தும், இன்னும் ஆக்சிடோசின், குழந்தை வெளிய வந்தாதான் இந்த சுத்து நிக்கும். காயத்துல ரத்தம் உறையறதும் இப்படித்தான், அதனாலயே அதை நிறுத்துறதுக்கு தனி புரதங்கள் ரத்தத்துல எப்பவும் தயாரா இருக்கு.

ராத்திரி ஷிஃப்ட் வேலை உடம்பை ஏன் இவ்வளவு பாதிக்குது?

ஹைப்போதலாமஸ்ல சுமார் 20,000 நரம்பு செல் கொண்ட ஒரு கடிகாரம் இருக்கு, தனியா விட்டா 24 மணி நேரத்தை விட கொஞ்சம் நீளமா ஓடும், தினமும் கண்ணுக்குள்ள போற வெளிச்சம்தான் அதை சரி பண்ணும். கல்லீரல், குடல் எல்லாத்துக்கும் அவங்கவங்க கடிகாரம் உண்டு, அது சாப்பாட்டு நேரத்தை பாத்து ஓடும். ராத்திரி முழிச்சு சாப்பிட்டா மூளை ஒரு நேரத்துலயும் கல்லீரல் வேற நேரத்துலயும் இருக்கும். இந்த கடிகாரத்தோட மூலக்கூறு மெக்கானிசத்தை கண்டுபிடிச்ச ஹால், ரோஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017ல நோபல் கிடைச்சது.

ரத்தத்தோட அமிலத்தன்மையை சரி பண்ண ஆல்கலைன் வாட்டர் வேணுமா?

வேண்டாம். ரத்தத்தோட பி.எச். 7.35லிருந்து 7.45க்குள்ள நிக்கும், நுரையீரல் நிமிஷத்துலயும் கிட்னி நாள்கணக்குலயும் அதை பாத்துக்கும். நீங்க குடிக்கிற தண்ணி முதல்ல வயித்து அமிலத்துலதான் விழும். சிறுநீரோட பி.எச். மாறலாம், அது கிட்னி தன் வேலையை செஞ்சதோட அடையாளம்.

உடம்பு செய்யுற திருத்தமே தப்பா போகுமா?

போகும், இதயம் பலவீனமானவங்ககிட்ட இதை தெளிவா பாக்கலாம். இதயம் சரியா பம்ப் பண்ணலைன்னா கிட்னிக்கு ரத்தம் குறையும். கிட்னிக்கு இதயத்தை பத்தி எதுவும் தெரியாது, உடம்புல ரத்தம் குறைஞ்சு போச்சுன்னுதான் அது எடுத்துக்கும், அதனால ரெனின்ங்கிற பொருளை ரத்தத்துல விட்டு, ரத்தக்குழாயை இறுக்கி, உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும். அடிபட்டு ரத்தம் போனவருக்கு இதே திருத்தம் உயிர் காக்கும். இங்க ஏற்கனவே தடுமாறுற இதயத்து மேல இன்னும் சுமை ஏறும், கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும்.

அதனால இங்க மருத்துவம் உடம்போட திருத்தத்தையே தடுக்குது. ரெனின் கிளப்பி விடுற வரிசையை நடுவுல தடுக்கிற ஏ.சி.இ. தடுப்பான் மாத்திரைகள் அந்த வேலைக்குத்தான், பிரேசில் நாட்டு விரியன் பாம்பு விஷத்துல இருந்த பொருளை வச்சு தொடங்கின ஆராய்ச்சியில பிறந்த கேப்டோப்ரில் 1981ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. இதயத்தை மெதுவாக்குற பீட்டா பிளாக்கரை ஒரு காலத்துல இந்த நோயாளிக்கு கொடுக்கவே கூடாதுன்னு சொன்னாங்க, இன்னைக்கு அது முக்கிய மருந்து, ஏன்னா அட்ரினலின் ஓயாம விரட்டுறதுதான் இதயத்தை இன்னும் கெடுக்குதுன்னு பின்னாடி புரிஞ்சது. உடம்பு தானா சரி பண்ணிக்கும், மருந்தே வேண்டாம்னு சொல்றவங்க இந்த ஒரு நோயையாவது யோசிச்சு பாக்கணும்.

அப்போ எப்போ உடனே ஆஸ்பத்திரி போகணும்?

திருத்தம் நடந்துக்கிட்டு இருக்குங்கிறது வேற, திருத்தம் தோத்துடுச்சுங்கிறது வேற. காய்ச்சல்ல நடுங்குறது முதல் வகை, காய்ச்சலோட குழம்பிப் பேசுறதும், எழுப்பினா எழுந்திருக்காம கிடக்குறதும், கழுத்தை மடக்க முடியாம போறதும் ரெண்டாவது வகை. தாகம் முதல் வகை, வாந்தி பேதிக்கு அப்புறம் அரை நாளா சிறுநீரே வரலைங்கிறது ரெண்டாவது. எழுந்ததும் ஒரு கணம் இருட்டுறது பரவாயில்லை, நெஞ்சு வலியோட மயங்கி விழுந்தா, உழைக்கும்போது மயங்கினா, காத்திருக்கக்கூடாது. ரெண்டு கால்லயும் வீக்கம் ஏறி, தலையணையை உயர்த்தி வச்சாதான் தூங்க முடியுதுன்னா அன்னைக்கே காட்டணும். வயசானவங்க நேத்து வரைக்கும் தெளிவா இருந்துட்டு இன்னைக்கு ஆளை மாத்தி கூப்பிடுறாங்கன்னா வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, சோடியம் இறங்கியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், காய்ச்சலே இல்லாம உள்ள ஒரு இன்ஃபெக்ஷன் ஓடிக்கிட்டு இருக்கலாம், இதுல பெரும்பாலானதை ஒரு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர் பரிசோதனையும் காட்டிக் கொடுத்துடும், நேரத்துல போனா சரியும் பண்ணிடலாம்.